துக்கமா, மனச்சோர்வா?

துக்கம் இழப்பின் விளைவு. மனச்சோர்வு ஒரு நோய். இரண்டிலும் அழுகை வரும், தூக்கம் கெடும், சோறு இறங்காது. அதனால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது.

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு தமிழ் வீட்டில் சாவு விழுந்தால், புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போடப்படும். மண்டாயில் தகனம், 16ஆம் நாள் கருமாதி என்று சடங்குகள் நடக்கும், உறவுக்காரர்கள் வந்துபோவார்கள். இறந்தவரைப் பற்றிய பேச்சில் அழுகைக்கு நடுவே சிரிப்பும் எழும். நினைவு கிளறும்போது துக்கம் பொங்கும், பிறகு அடங்கும். பேரப்பிள்ளை மடியில் ஏறினால் முகம் மலரும்.

மனச்சோர்வில் இப்படி இடைவெளி கிடைப்பது அரிது. பிடித்த பாட்டும் பிடிக்காது; 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் உள்ளே ஊறும். நோய்க்கான 9 அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, 2 வாரங்களுக்குப் பெரும்பாலும் தினமும் இருந்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அது மனச்சோர்வு. அந்த ஐந்தில் மனவாட்டமோ ஆர்வமின்மையோ கட்டாயம் இருக்க வேண்டும். தைராய்டு கோளாறும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால் மருத்துவர் அதையும் கவனிப்பார். முதியவர்களில் பலர் மனத்தைப் பற்றிப் பேசாமல், 'உடம்பு முடியல, நெஞ்சு கனமா இருக்கு' என்றுதான் சொல்வார்கள்.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வரலாம். அன்புக்குரியவரை இழந்து 2 மாதங்களுக்குள் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு என்று பொதுவாக முடிவு செய்யக்கூடாது என்றிருந்த விதியை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் நீக்கியது. 2022இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 6 மாதங்களைத் தாண்டியும் வாழ்க்கையை முடக்கும் கடுந்துக்கத்தைத் தனிக் கோளாறாகவே சேர்த்துள்ளது.

சிங்கப்பூரில் 2016இல் நடந்த மனநல ஆய்வின்படி, 16 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு வந்திருந்தது. துக்கத்துக்குப் பெரும்பாலும் ஆள்துணையும் காலமும் போதும். மனச்சோர்வுக்கு மனநல ஆலோசனையோ மருந்தோ இரண்டுமோ தேவைப்படலாம். மருந்து வேலைசெய்யச் சில வாரங்கள் பிடிக்கும். ஈசூன்வாசிகள் முதலில் பலதுறை மருந்தகத்தை நாடலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கூ டெக் புவாட் மருத்துவமனைக்கோ மனநலக் கழகத்துக்கோ அனுப்புவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் காத்திருக்கக் கூடாது: 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் உதவி கிடைக்கும்.