வால்வு மாற்றிய பின் எக்கோ சொல்லும் எண்

பெருநாடி வால்வை மாற்றிக்கொண்ட ஒருவரின் எக்கோ அறிக்கையில் 'பீக் கிரேடியன்ட் 27, மீன் கிரேடியன்ட் 15' என்று இரண்டு எண்கள் இருக்கும். பீக் என்றால் உச்சம், மீன் என்றால் சராசரி. போன முறை 24ஆக இருந்த பீக் இப்போது 27 ஆகிவிட்டதே என்று வயிறு கலங்கும். கையில் பட்டி சுற்றிப் பார்க்கும் பிரஷரோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. பிரஷர் குளிசையைக் கூட்டிப் போட்டால் இந்த எண் இறங்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கிரேடியன்ட் என்பது வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அழுத்தங்களின் வித்தியாசம். வால்வு இறுகிப்போன ஒருவரின் கையில் பிரஷர் 120 காட்டலாம். வித்தியாசம் 50 என்றால், அந்த 120ஐக் கொடுப்பதற்கு அவருடைய இடது இதயவறை ஏறத்தாழ 170 அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் இப்படி உழைத்து அதன் சுவர் தடிக்கிறது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதும், நெஞ்சு அடைப்பதும், தலைசுற்றி விழுவதும் இதனால்தான். அந்தச் சுமையை இறக்கவே வால்வை மாற்றுகிறார்கள். 2017இல் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சையே நடந்த கண்டி வைத்தியசாலையில், திறந்த இருதய சத்திரசிகிச்சை இன்று வழமையான வேலை.

எக்கோ இயந்திரம் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை; ஒலிக்கதிரை அனுப்பிக் குருதி பாயும் வேகத்தைத்தான் அளக்கிறது. பேராதனையில் அகன்று ஓடும் மகாவலி ஒரு பாறை இடுக்குக்குள் புகுந்தால் எப்படிச் சீறுமோ, ஒடுங்கிய வால்வில் குருதியும் அப்படித்தான் வேகமெடுக்கிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை டானியல் பேர்னூலி 1738இலேயே எழுதிவிட்டார். 1970களில் நோர்வேயின் ஜார்லெ ஹோலென், லிவ் ஹட்லெ போன்றவர்கள் அதை இருதயத்துக்குப் பொருத்தி, ஒரு வரிக் கணக்காகச் சுருக்கினார்கள்: செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்ற வேகத்தை வர்க்கித்து 4ஆல் பெருக்கினால் அழுத்த வித்தியாசம் கிடைக்கும். அதற்கு முன் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள இருதயத்துக்குள் குழாய் விட வேண்டியிருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு சின்னக் கணக்கு இவ்வளவு பேரை வேதனையிலிருந்து காப்பாற்றியது அரிது.

அந்த வர்க்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. வேகம் 2.5 என்றால் வித்தியாசம் 25. வேகம் 3 ஆனால் 36. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே எண் 44 வீதம் ஏறிவிடுகிறது. நம்மைக் கலங்கவைத்த 24க்கும் 27க்கும் இடையில் வேகம் கூடியது செக்கனுக்கு 0.15 மீற்றர் மட்டுமே. ஒலிக்கதிர் குருதியோட்டத்துக்கு நேராகப் படாவிட்டால் எண் குறைவாகவே வரும் என்பதால், போன முறை வந்த 24தான் குறைவாக அளக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

புது வால்வு என்றால் வித்தியாசம் பூச்சியத்துக்கு இறங்க வேண்டாமா? இறங்காது. பிறவி வால்வில் வேகம் 1 முதல் 1.5 வரை. செயற்கை வால்வுக்குத் தையல் வளையமும் சட்டமும் உண்டு. குருதி போகும் வழியில் அவை இடம் பிடிக்கின்றன. 19, 21, 23 மில்லிமீற்றர் என்று அளவு பார்த்துத்தான் பொருத்துவார்கள். சிறிய வால்வு பெரிய உடம்புக்குப் போதாமல் போவதை 1978இல் இருதய வைத்தியர் ஷாபுதீன் ரஹீம்துலா விளக்கினார். அங்கே வால்வில் பழுது இல்லை, அளவுதான் போதவில்லை. பொதுவாக வேகம் 3க்குக் கீழும் சராசரி வித்தியாசம் 20க்குக் கீழும் இருந்தால் நிம்மதி. வேகம் 4ஐயும் சராசரி 35ஐயும் தாண்டினால் வைத்தியர்கள் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

நமது மலையகத்தில் மறக்கக் கூடாத இன்னொரு காரணம் இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் இருதயம் கூடுதலான குருதியை வேகமாக அனுப்புகிறது. வால்வு நன்றாக இருந்தாலும் எண் ஏறும். காய்ச்சல், கர்ப்பம், தைரொயிட் மிகைப்பு எல்லாம் இதையே செய்யும். சத்திரசிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் ஹீமோகுளோபின் குறைந்திருப்பது சாதாரணம். அதனால் வைத்தியர்கள் வால்வுக்குக் கீழே உள்ள வேகத்தை வால்வுக்குள் உள்ள வேகத்தால் வகுத்தும் பார்ப்பார்கள். ஓட்டம் கூடினால் இரண்டும் சேர்ந்தே கூடும்; விகிதம் அசையாது. 0.30க்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 0.25க்குக் கீழே போனால் வால்வே அடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் எண்ணைப் பக்கத்துக் கட்டில்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த எக்கோதான் உங்களுக்கான அளவுகோல். கண்டியில் வால்வு மாற்றிய பின் நாவலப்பிட்டியிலோ நுவரெலியாவிலோ கிளினிக்குக்குப் போகிறவர், அந்த முதல் அறிக்கையை, வால்வின் வகையும் அளவும் எழுதிய அட்டையோடு சேர்த்துக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 12ஆக இருந்த சராசரி இன்று 24 என்றால் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம். தொடக்கத்திலிருந்தே 18ஆக இருந்து இன்றும் 18 என்றால் கவலையில்லை.

உலோக வால்வு வைத்தவர்கள் குருதி உறையாமல் காக்கும் வோபரின் மாத்திரையை விட்டு, அதன் வேலையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கினால், வால்வின் இதழில் குருதி கட்டியாகலாம். அப்போது கிரேடியன்ட் எண் சில நாட்களுக்குள் எகிறும். வால்வின் பழகிய 'டிக்' சத்தம் மங்கினாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, குளிரோடு காய்ச்சல் விடாமல் அடித்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.