ஆயக்கட்டு இல்லாத ஏரி

சென்னையில் வேளாண்மை என்றால் யாருக்கும் சைதாப்பேட்டை நினைவுக்கு வராது. ஆனால் கோயம்புத்தூரில் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கும் நிறுவனத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1860களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் வரவழைத்தார். 1865இல் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை தொடங்கியது. 1868இல் வேளாண் பள்ளி வந்தது. 1906இல் அந்தப் படிப்பு கோவைக்கு இடம் மாறியது.

பண்ணையின் அக்கறை கலப்பை, உரம், விதை ஆகியவற்றின் மேல் இருந்தது. நீர் வேறு துறையின் பொறுப்பு. சுற்றுவட்டாரத்து உழவர்களுக்கோ நீர்தான் முதல் கேள்வி. செங்கல்பட்டுச் சீமையில் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தேக்கி வைத்தால்தான் நெல். அதனால் ஊருக்கு ஓர் ஏரி. பெரிய ஊருக்கு இரண்டு, மூன்று. சைதாப்பேட்டைக்கும் ஓர் ஏரி இருந்தது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்று எழுதினார்கள். 1923இல் மாம்பலம் குடியிருப்புத் திட்டத்துக்காக அந்த ஏரியைத் தூர்க்கத் தொடங்கினார்கள். தியாகராய நகர் அதன் மேல்தான் நிற்கிறது. வடகோடியில் மிஞ்சியிருந்த துண்டில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

ஓர் ஏரி எப்படிச் சாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படி உயிரோடு இருந்தது என்று தெரிய வேண்டும். மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியே நீர் வரும். கரை அதைத் தடுக்கும். மதகு வழியே நீர் வயலுக்குப் போகும். அப்படிப் பாயும் பரப்புதான் ஆயக்கட்டு. ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கலில் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் சேரும். யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்க்க நீர்க்கட்டி இருந்தார். அவருக்கு அறுவடையில் பங்கு உண்டு. கோடையில் ஊரே கூடி வண்டல் அள்ளும். அந்த வண்டல் வயலுக்கு எருவாகும். உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையையே விதித்திருக்கின்றன. ஏரியைக் காத்தது கரை மண் மட்டும் கிடையாது. அதன் நீரை நம்பிப் பயிர் வைத்தவர்களின் பயமும் கவனமும் சேர்ந்துதான் காத்தன.

ஆயக்கட்டு மனையாகும்போது அந்தக் கவனம் போய்விடுகிறது. இதில் ஒரு வரிசை உண்டு, ஊருக்கு ஊர் அதே வரிசைதான். முதலில் நெல் நிற்கும். மதகைத் திறக்க ஆள் இருக்காது. நீர்க்கட்டிக்குக் கூலி கொடுக்க யாரும் இல்லை. வரத்துக்காலில் தண்ணீர் ஓடாத மாதங்களில் அதன் மேல் பாதை போடுவார்கள், பிறகு சுவர் எழுப்புவார்கள். மழைக்காலத்தில் புதிய வீடுகளுக்குள் நீர் புகும். அங்கே குடியிருப்பவர்களே கலங்கலை உடைக்கச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கண்ணெதிரே பிள்ளைகள் நனைகிறார்கள். நீர் தங்காத ஏரி சில ஆண்டுகளில் பொட்டல் ஆகும். பொட்டலைப் பார்த்ததும் பேருந்து நிலையத்துக்கோ அலுவலகத்துக்கோ இடம் தேடும் அரசுக்கு அது காலி நிலமாகத் தெரியும்.

ஒன்று மட்டும் மாறாது. மதகிலிருந்து நீர் தானாகப் பாய வேண்டும் என்றால் ஆயக்கட்டு ஏரியை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். நஞ்சை என்று பெயர் பெற்ற நிலமெல்லாம் நீர் தேடி வரும் நிலம். அங்கே வீடு கட்டினால் பழைய வாய்க்காலின் முடிவில்தான் வீடு நிற்கும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி வெள்ளம் இதைக் காட்டியது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. எந்த ஊரும் தாங்காத அளவு, அதை மறைக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசினோம். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அன்று அடையாற்றில் சேர்ந்ததைக் குறைவாகவே பேசினோம். முதலில் மூழ்கியது முடிச்சூரும் வரதராஜபுரமும். மனைகளாகும் முன் வயலாக இருந்த இடங்கள். கடைசியில் எல்லா நீரும் சைதாப்பேட்டைக்கு வந்தது. அங்கே மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். கரையோரக் குடிசைகளில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களிலும் நாள்கணக்கில் நீர் நின்றது. அதை வடிக்க வேண்டிய மாம்பலம் கால்வாய் வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி நந்தனத்தில் அடையாற்றில் சேருகிறது. ஏறத்தாழப் பழைய ஏரியின் தடத்திலேயே ஓடுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்தவை பெரும்பாலும் ஏரிப் பாசனக் கிராமங்கள். சாலையோரம் நட்ட பலகைகளில் நஞ்சை நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அதே ஆண்டில் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அதற்கு நிலத்தை இழக்கவிருக்கும் ஏகனாபுரம் மக்கள் அன்று முதல் எதிர்க்கிறார்கள். அவர்கள் வயலுக்காக மட்டும் எதிர்ப்பதாக நகரத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி வழியே கம்பன் கால்வாய் போகிறது. வழிநெடுக ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரியை அடைகிறது. அதற்குக் கீழே செம்பரம்பாக்கம், அதற்கும் கீழே அடையாறு, பிறகு சைதாப்பேட்டை.

புறநகரில் மனை வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். அந்தச் சர்வே எண் நஞ்சையா, எந்த ஏரியின் பாசனம், பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கா என்பதெல்லாம் அதில் இருக்கும். புலப்பட நகலையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனை என்ற முத்திரை நிலத்தின் மட்டத்தை உயர்த்திவிடாது. அந்த ஊரில் இன்னும் நெல் வைக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, ஏரி கடைசியாக எப்போது கலங்கல் வழிந்தது, அந்த நீர் எந்தப் பக்கம் போனது என்று கேளுங்கள். அப்படி நெல் வைப்பவர்களில் பலருக்கு இப்போதே அறுபது வயதுக்கு மேல்.