பலாஸோ: பேன்ட் இல்லைங்க, அரண்மனை!

பலாஸோன்னதும் தொளதொள பேன்ட்தான் ஞாபகம் வரும். ஆனா இத்தாலியில் அது மாளிகையைக் குறிக்கும் சொல். அதன் வேர், ரோமில் உள்ள பாலடைன் குன்று; லத்தீனில் 'பலாட்டியம்'. முதல் பேரரசர் அகஸ்டஸ் குடியிருந்தது அங்கேதான். அடுத்து வந்தவர்களும் அங்கேயே பிரம்மாண்டமாகக் கட்ட, குன்றின் பெயரே மாளிகைக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கில 'பேலஸ்' கூட இந்த வழிதான்.

அந்தக் காலத்து வெனிஸ்காரர்கள் இதில் ரொம்பக் கறாராக இருந்தார்கள். அந்தக் குடியரசின் தலைவரான டோஜின் மாளிகையைத்தான் பலாஸோ என்றார்கள். கோடீஸ்வர வணிகர் கட்டியிருந்தாலும் அது 'கா'வாகத்தான் இருந்தது, அதாவது வெறும் வீடு. 15-ம் நூற்றாண்டில் முகப்பில் தங்கம் பூசிய மாளிகைக்கே 'கா தோரோ' (தங்க வீடு) என்றுதான் பெயர்!

இப்போ சாதாரண அப்பார்ட்மென்ட் கட்டடமும் இத்தாலியில் பலாஸோதான். மிலானில் வாடகைக்கு வீடு தேடுறீங்களா? விளம்பரத்தில் அந்த வார்த்தையைப் பார்த்து மயங்காம, லிஃப்ட் இருக்கான்னு முதல்ல கேளுங்க.