42-ஆம் எண் சட்டை!

குட்டீஸ்! உங்கள் வகுப்புக்கு ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் நாள் எல்லோருடைய கண்களும் அவன் மேல்தான் இருக்கும். 'நன்றாகப் படிப்பானா? நன்றாக விளையாடுவானா? நம்மோடு ஒட்டுவானா?' என்று ஆளாளுக்குக் கிசுகிசுப்பீர்கள், இல்லையா?

1947-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவே ஒருவரைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டிருந்தது. அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். வயது 28. பேஸ்பால் வீரர். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற 'புரூக்ளின் டாட்ஜர்ஸ்' அணிக்கு வரப்போகும் புது வீரர் அவர்தான் என்று பேச்சு அடிபட்டது.

புது வீரர் வருவது எல்லா ஆண்டும் நடப்பதுதானே, இதில் என்ன பெரிய அதிசயம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஜாக்கி கருப்பினத்தவர்.

மூடிய கதவு

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பால் போட்டிகளில் வெள்ளையர்கள் மட்டும்தான் ஆட முடியும். 1884-க்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கருப்பின வீரர்கூட அதில் ஆடவில்லை. 'சேர்க்கக் கூடாது' என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால், எல்லா அணி முதலாளிகளும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். கருப்பின வீரர்கள் தங்களுக்கென்று தனி லீக் வைத்து ஆடினார்கள்.

ஜாக்கி அப்படியொரு அணியில், 'கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ்' அணியில் 1945-இல் ஆடினார். அதற்கு முன், கல்லூரியில் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, தடகளம் என்று நான்கு விளையாட்டிலும் கலக்கியவர். அவருடைய அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கியவர். தங்கம் வென்றவர் யார் தெரியுமா? ஜெஸ்ஸி ஓவன்ஸ்!

கேட்ட கேள்வி

டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. மூடிய கதவைத் திறக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். நல்ல ஆட்டக்காரர்கள் எங்கிருந்தாலும் அவர்களைச் சேர்த்தால்தான் அணி ஜெயிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

1945 ஆகஸ்ட் 28 அன்று ஜாக்கியைத் தம் அலுவலகத்துக்கு வரவழைத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். மைதானத்தில் எப்படியெல்லாம் திட்டுவார்கள், ஓட்டலில் எப்படி விரட்டுவார்கள் என்று தாமே நடித்துக் காட்டினார்! 'இவ்வளவையும் கேட்டுக்கொண்டு திருப்பி அடிக்காமல் இருப்பீரா?' என்பதுதான் அவர் கேள்வி. ஒரு சண்டை போட்டால் போதும், 'பார்த்தீர்களா, இவர்கள் வேண்டாம் என்று அப்போதே சொன்னோமே!' என்று எல்லோரும் கதவை மறுபடி மூடிவிடுவார்கள்.

ஜாக்கி கோழையல்ல. 1944-இல் ராணுவத்தில் இருந்தபோது, பஸ்ஸில் பின் இருக்கைக்குப் போகச் சொன்னதை மறுத்தவர். அதற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர். அப்படிப்பட்டவர் பொறுத்துப்போவதாக ஒப்புக்கொண்டார். அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்!

இன்ஃபீல்டர் என்றால் யார்?

கதையைத் தொடரும் முன் ஒரு குட்டிப் பாடம். பேஸ்பால் மைதானத்தின் உள்பகுதி வைர வடிவில் இருக்கும். நான்கு மூலைகளில் நான்கு 'பேஸ்'. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி தூரம். பந்தை அடித்தவர் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று ஓடி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.

இந்த வைரத்தைக் காவல் காக்கும் நான்கு பேர்தான் இன்ஃபீல்டர்கள். மூன்று பேஸ்களுக்கும் ஆளுக்கு ஒருவர். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர் 'ஷார்ட் ஸ்டாப்'.

முதல் பேஸில் நிற்பவருக்கு வேலை அதிகம். மற்றவர்கள் வேகமாக எறியும் பந்தை, ஒரு கால் பேஸில் இருக்கும்படியே பிடிக்க வேண்டும். ஓடி வருபவர் பேஸைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டால் அவர் அவுட். கையுறைகூட மற்றவர்களுடையதைவிடப் பெரியது.

சீசனுக்கு முன் நான்கு கேள்விகள்

ரிக்கி அவசரப்படவில்லை. முதலில், 1946-இல் ஜாக்கியைக் கனடாவின் 'மான்ட்ரியல் ராயல்ஸ்' அணியில் ஆடவிட்டார். அது டாட்ஜர்ஸின் இளைய அணி. முதல் போட்டியிலேயே ஜாக்கி நான்கு முறை பந்தை வெற்றிகரமாக அடித்தார். அதில் ஒன்று ஹோம் ரன்! அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .349. அதாவது, 100 முறை அடிக்க முயன்றால் ஏறக்குறைய 35 முறை வெற்றி. பேஸ்பாலில் 30 முறை வந்தாலே அவர் கெட்டிக்காரர்!

அடுத்த சீசனுக்கு முன், 1947-இல் பயிற்சி முகாம் கியூபா நாட்டின் ஹவானா நகரில் நடந்தது. வழக்கமாக முகாம் நடக்கும் புளோரிடாவில், கருப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடக் கூடாது என்று தடை செய்த ஊர்கள் இருந்தன. முந்தைய ஆண்டு ஜாக்சன்வில் நகரில், ஜாக்கி ஆடக் கூடாது என்று மைதானத்தையே பூட்டி வைத்தார்கள்! அதனால்தான் கியூபா. அங்கேயும் டாட்ஜர்ஸ் வீரர்கள் பெரிய ஓட்டலில் தங்க, ஜாக்கியும் மற்ற மூன்று கருப்பின வீரர்களும் வேறொரு சாதாரண ஓட்டலில் தங்க வைக்கப்பட்டார்கள்.

அப்போது எல்லோர் மனதிலும் இருந்த கேள்விகள் இவைதான்.

முதல் கேள்வி: பெரிய லீக் பந்துவீச்சாளர்களை இவரால் சமாளிக்க முடியுமா?

இரண்டாவது கேள்வி: இவரை எங்கே நிறுத்துவது? ஜாக்கி மோனார்க்ஸில் ஷார்ட் ஸ்டாப். மான்ட்ரியலில் இரண்டாம் பேஸ். ஆனால் டாட்ஜர்ஸில் அந்த இரண்டு இடத்திலும் பீ வீ ரீஸ், எடி ஸ்டாங்கி என்ற தேர்ந்த வீரர்கள் இருந்தார்கள். மிச்சம் இருந்தது முதல் பேஸ். ஜாக்கிக்கு அது புதுப் பாடம். பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். பெரிய கையுறையை வாங்கிக்கொண்டு முதலிலிருந்து கற்கத் தொடங்கினார்.

மூன்றாவது கேள்வி: அணியினர் இவரை ஏற்பார்களா? ஜாக்கியின் ஆட்டத்தைப் பார்த்ததும், 'இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று வீரர்களே வந்து கேட்பார்கள் என ரிக்கி எதிர்பார்த்தார். நடந்தது தலைகீழ்! 'இவரோடு ஆட மாட்டோம்' என்று சில வீரர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். கென்டக்கி மாநிலத்துக்காரரான பீ வீ ரீஸிடமும் நீட்டினார்கள். ஜாக்கி நன்றாக ஆடினால் பறிபோவது ரீஸின் ஷார்ட் ஸ்டாப் இடமாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

விஷயம் அணி மேலாளர் லியோ டுரோச்சர் காதுக்குப் போனது. அப்போது அணி பயிற்சிப் போட்டிக்காகப் பனாமாவில் இருந்தது. நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பிக் கூட்டம் போட்டார். ஒருவரின் நிறம் என்ன என்பது தமக்கு முக்கியமில்லை என்றும், அணியை ஜெயிக்க வைப்பவர் ஆடுவார் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனு அதோடு முடிந்தது.

நான்காவது கேள்வி: ஜாக்கியின் பொறுமை நிலைக்குமா? இதற்கான பதிலைப் பயிற்சி முகாமில் கண்டுபிடிக்க முடியாது. சீசனில்தான் தெரியும்.

அந்த நாள்

ஏப்ரல் 9 அன்று ஓர் இடி. வேறொரு பிரச்சினைக்காக மேலாளர் டுரோச்சருக்கு ஓராண்டுத் தடை! ஜாக்கிக்குத் துணை நின்றவர் விலக வேண்டியதாயிற்று. மறுநாளே, ஏப்ரல் 10 அன்று, ஜாக்கி டாட்ஜர்ஸில் சேர்க்கப்பட்ட செய்தி வெளியானது.

1947 ஏப்ரல் 15. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். பாஸ்டன் பிரேவ்ஸ் அணியுடன் போட்டி. 42-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு ஜாக்கி முதல் பேஸில் போய் நின்றார். அன்று பந்தை அடித்து ஒரு 'ஹிட்'கூட எடுக்கவில்லை. ஆனால் ஏழாவது இன்னிங்சில் பந்தை மெல்லத் தட்டிவிட்டு மின்னலாக ஓடினார். பதறிப்போன எதிரணி வீரர் தப்பாக எறிய, இரண்டாம் பேஸ் வரை போய்விட்டார். அடுத்தவர் அடித்ததும் ஓடிவந்து ரன் எடுத்தார். டாட்ஜர்ஸுக்கு 5-3 வெற்றி!

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு வாரத்தில், பிலடெல்பியா அணியினர் மைதானத்திலேயே காதால் கேட்க முடியாதபடி அவரைத் திட்டினார்கள். ஜாக்கி உள்ளுக்குள் கொதித்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. அப்போது ஒருவர் எழுந்து எதிரணியைப் பார்த்துக் கத்தினார். அவர் இரண்டாம் பேஸ் எடி ஸ்டாங்கி! யாரை ஏற்க மாட்டார்கள் என்று பயந்தார்களோ, அவருக்காக அவருடைய அணியே பேசத் தொடங்கிவிட்டது.

விடைத்தாள்

சீசன் முடிந்தபோது விடைகள் தயார். 151 போட்டிகள். சராசரி .297. ரன்கள் 125. திருடிய பேஸ்கள் 29, அந்த லீக்கிலேயே அதிகம். (திருட்டு என்றதும் பயப்படாதீர்கள்! பந்து வீசும் நேரத்தில் சட்டென்று அடுத்த பேஸுக்கு ஓடுவதைத்தான் இப்படிச் சொல்வார்கள்.) டாட்ஜர்ஸ் தன் லீக்கில் முதலிடம் பிடித்தது. ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அந்த ஆண்டுதான் தொடங்கியது. அதன் முதல் சொந்தக்காரர் ஜாக்கி!

1948-இல் அவருக்குப் பிடித்த இரண்டாம் பேஸ் இடம் கிடைத்தது. 1949-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. 1955-இல் உலகத் தொடர் கோப்பை. 1962-இல் 'ஹால் ஆஃப் ஃபேம்' பெருமை. 1972-இல் மறைந்தார்.

அவர் கதவைத் திறந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். 1947 ஜூலையில் லாரி டோபி கிளீவ்லேண்ட் அணியில் சேர்ந்தார். ஆனால் எல்லா அணிகளும் மனம் மாற 12 ஆண்டுகள் ஆயின. கடைசியாக 1959-இல்தான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி தன் முதல் கருப்பின வீரரைச் சேர்த்தது.

குட்டீஸ், 1947 மார்ச்சில் எல்லோரும் 'புது வீரர் எப்படி இருப்பார்?' என்றுதான் கேட்டார்கள். 'அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்ளப் போகிறோம்?' என்று தம்மையே கேட்டுக்கொண்டவர்கள் சிலர்தான். ரீஸ் அவர்களில் ஒருவர். நாளை உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்தால், நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்?

தெரியுமா உங்களுக்கு?

* 1997-இல், ஜாக்கி களமிறங்கிய 50-ஆம் ஆண்டில், 42 என்ற எண்ணை இனி எந்த அணியும் புது வீரர்களுக்குத் தரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே அந்த எண்ணை அணிந்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களில் கடைசியானவர் மரியானோ ரிவேரா. 2013-இல் ஓய்வு பெற்றார்.

* ஏப்ரல் 15-ஐ 2004 முதல் 'ஜாக்கி ராபின்சன் தினம்' என்று கொண்டாடுகிறார்கள். 2009 முதல் அந்த நாளில் எல்லா அணிகளின் எல்லா வீரர்களும் 42-ஆம் எண் சட்டை அணிகிறார்கள்!

* சிறந்த புதுமுக வீரர் விருதுக்கு 1987-இல் ஜாக்கி ராபின்சன் பெயரையே சூட்டிவிட்டார்கள்.