ஒரு தேதி தள்ளிப்போனால் எத்தனை தேதிகள் தள்ளும்?

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் புறப்படும் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பிழைப்பில் பெரும்பகுதி இந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் நடக்கிறது. அப்படிப் போகிறவர்களில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. தாத்தா ஷிஃப்ட் சங்குக்கு ஓடினார், பேரப்பிள்ளை 'டியூ டேட்'டுக்கு, அதாவது வேலை முடிய வேண்டிய தேதிக்கு, ஓடுகிறார். இந்த டியூ டேட் தனியாக நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும். அலுவலக மென்பொருளில் ஒவ்வொரு வேலையும் ஒரு 'டிக்கெட்', அவையெல்லாம் தெரியும் பலகை 'போர்டு'. முதல் டிக்கெட்டின் தேதி திங்கட்கிழமை மாறுகிறது, அதை நம்பியிருக்கும் ஆறு டிக்கெட்டுகளில் பழைய தேதியே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பெரும்பாலும் யாரும் உட்காருவதில்லை. இரண்டு மாதம் போனால் அந்தப் போர்டில் இருக்கும் தேதிகளை யாரும் நம்புவதுமில்லை. ஆகவே, 'இதை மென்பொருளே செய்யட்டுமே' என்ற கோரிக்கை எல்லா அலுவலகங்களிலும் எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எந்தத் தேதியை மென்பொருளிடம் விடலாம், எதை விடக் கூடாது என்று பிரிக்காமல் விட்டால், கையால் செய்த காலமே தேவலை என்று ஆகிவிடும்.

முதலில் அடிப்படை. ஜிரா போன்ற மென்பொருளில் டிக்கெட்டுகளுக்குள் இரண்டு வகை உறவு உண்டு. ஒன்று தாய்-பிள்ளை உறவு: ஒரு பெரிய 'எபிக்', அதன் கீழே பல சிறிய வேலைகள். மற்றது முன்-பின் உறவு: இது முடியாமல் அது தொடங்காது. பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். இரண்டு டிக்கெட்டுகளை 'பிளாக்ஸ்' என்று இணைத்துவிட்டால் தேதியும் சேர்ந்து நகரும் என்று எண்ணுகிறார்கள். நகராது. அந்த இணைப்பு வெறும் குறிப்பு. தேதி நகர வேண்டுமானால் தனியாக ஒரு ஆட்டோமேஷன் விதி எழுத வேண்டும்: 'இந்தக் கட்டத்தின் மதிப்பு மாறினால், இணைந்திருக்கும் டிக்கெட்டுகளை எடு, அவற்றின் தேதியை இப்படி மாற்று' என்று. 'இப்படி' என்ற அந்தச் சொல்லுக்குள்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

அதைப் பார்க்கத் தங்கவயலிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1902 ஜூன் 30-ஆம் தேதி காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சுமார் 148 கிலோமீட்டர் தூரம். அந்நாளில் உலகிலேயே நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூரு நகரத்துக்கு அதே நிலையத்தின் மின்சாரம் 1905-ல்தான் போனது என்பதை இன்றைக்கும் தங்கவயல்காரர்கள் சொல்லிக்காட்டலாம். மைசூர் சமஸ்தானம், சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி, மின் எந்திரங்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், நீர்ச்சுழலிகளுக்கு சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ், பொறுப்பில் ஜோலி டி லொட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர். ஆற்றில் தடுப்பு, கால்வாய், குழாய்கள், மின்நிலையம், கப்பலில் வரும் எந்திரம், தடம் நெடுகக் கம்பங்கள், இந்தப் பக்கம் சுரங்கத்தில் துணைமின்நிலையம், நீராவி எந்திரங்களுக்குப் பதிலாக மோட்டார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு கைகளில், வேறு வேறு ஊர்களில். இவற்றில் ஒன்று வந்து சேராவிட்டாலும் விளக்கு எரியாது.

1900-ல் ஒரு ஜிரா போர்டு இருந்ததாக வைத்துக்கொள்வோம். தேதிகள் கற்பனை. மின்தடம் ஜனவரி 31-ல் முடிய வேண்டும், துணைமின்நிலையம் பிப்ரவரி 28-ல், மின்நிலையம் மார்ச் 31-ல். மூன்றும் முடிந்ததும் ஏப்ரல் 1-ல் சோதனை ஓட்டம். இப்போது கம்பங்கள் வந்து சேரத் தாமதமாகி மின்தடம் பத்து நாள் தள்ளுகிறது. பெரும்பாலானோர் முதலில் எழுதும் விதி, 'முன் வேலை எத்தனை நாள் தள்ளியதோ, பின் வேலையையும் அத்தனை நாள் தள்ளு' என்பது. அந்த விதி சோதனை ஓட்டத்தை ஏப்ரல் 11-க்குத் தூக்கிப்போடும். காரணமே இல்லாமல். மின்தடம் பிப்ரவரி 10-ல் முடிந்தாலும் மின்நிலையத்துக்காக மார்ச் கடைசி வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அடுத்து மின்நிலையமும் பத்து நாள் தள்ளினால் இந்த விதி இன்னொரு பத்து நாளைக் கூட்டி ஏப்ரல் 21 என்று காட்டும். சரியான விடை ஏப்ரல் 11. நாட்களைக் கூட்டாமல், முன்னால் இருக்கும் எல்லா வேலைகளிலும் எது கடைசியில் முடிகிறதோ அதற்கு அடுத்த நாளை எடுப்பதுதான் சரியான கணக்கு. இதொன்றும் புதிய ஞானமில்லை. 1957-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் வகுத்த 'கிரிட்டிக்கல் பாத்' முறை இதையே சொன்னது. எந்தத் தாமதம் கடைசித் தேதியைத் தொடும், எது தொடாது என்று பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் நாட்களைக் கூட்டும் விதியையே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது நாட்காட்டி. காவிரியில் தென்மேற்குப் பருவமழை வெள்ளம் ஜூன் வாக்கில் வரத் தொடங்கினால், ஆற்றுக்குள் செய்கிற கட்டுமான வேலைகளுக்கு மாதக்கணக்கில் விடுமுறைதான். மே மாதக் கடைசியில் முடிய வேண்டிய ஆற்று வேலை பத்து நாள் தாமதமானால், அது பத்து நாள் தாமதமாக இருக்காது. வெள்ளம் வடியும்வரை போய்விடும். இன்றைய அலுவலகங்களில் ஆற்றுக்குப் பதில் பண்டிகை. 2025 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 13, திங்கட்கிழமை மாலை, பெங்களூரு அணி ஒரு வேலையை முடித்துச் சென்னை அணிக்குக் கொடுக்கிறது. மூன்று வேலைநாட்கள் தேவை. கர்நாடக நாட்காட்டியில் 14-ஆம் தேதி சங்கராந்தி மட்டும் விடுமுறை, ஆக 15, 16, 17, வெள்ளிக்கிழமை முடிந்துவிடும் என்று மென்பொருள் கணக்குப் போடும். சென்னையில் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என 14, 15, 16 மூன்றும் விடுமுறை. 17-ஆம் தேதி தொடங்கி, சனி ஞாயிறு கழித்து, 21-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் முடியும். யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை, ஆனாலும் போர்டில் சென்னை அணி தாமதமானதாகச் சிவப்பு எரியும். வேலையைச் செய்கிறவரின் ஊர் நாட்காட்டியைத்தான் விதி பார்க்க வேண்டும், விதியை எழுதியவரின் ஊரை அல்ல.

தாய்-பிள்ளைக் கணக்கில் வேறொரு பொறி இருக்கிறது. பிள்ளைகளில் மிக முந்தைய தொடக்கத் தேதி தாயின் தொடக்கம், மிகப் பிந்தைய முடிவுத் தேதி தாயின் முடிவு. எளிது. ஆனால் ஒரு பிள்ளை டிக்கெட்டில் தேதியே போடாமல் விட்டிருந்தால்? கணக்கு அதைக் கண்டுகொள்ளாமல் போகும். மிச்சமுள்ளவற்றை வைத்து 'மார்ச்சில் முடியும்' என்று அழகாகச் சொல்லும். பெரும்பாலும் எது காலியாக இருக்கும் தெரியுமா? யாருக்கும் எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாத, மிகக் கடினமான வேலைதான். ஆகவே ஒரு பிள்ளையில் தேதி காலியாக இருந்தால் தாயின் தேதியும் காலியாகவே நிற்கும்படி விதி எழுதுவது நேர்மை. சிறு சங்கதிகளும் உண்டு. நம் நேரம் சர்வதேச நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நள்ளிரவு என்று பதிவாகும் நம் தேதி அங்கே முந்தைய நாள் மாலை ஆறரை மணியாகிறது. கவனிக்காவிட்டால் தேதி ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பின்வாங்கும். 'அ' என்ற டிக்கெட் 'ஆ'வைத் தள்ள, 'ஆ' மறுபடி 'அ'வைத் தள்ள என்று சுற்றிக்கொண்டே போகிற ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் ஜிராவில் ஒரு விதி செய்த மாற்றம் இன்னொரு விதியை எழுப்பாதபடி இயல்பிலேயே வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் நாம்தான் டிக் செய்து திறக்க வேண்டும். திறக்கும்முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இதெல்லாம் கணக்குப் பிழைகள், திருத்திவிடலாம். என் வாதம் கணக்கு சரியாக வந்த பிறகுதான் தொடங்குகிறது. டியூ டேட் என்ற ஒரே கட்டத்துக்குள் நாம் இரண்டு வேறு பொருள்களைத் திணித்து வைத்திருக்கிறோம். ஒன்று, இன்றைய நிலவரப்படி வேலை எப்போது முடியும் என்ற கணக்கு. மற்றது, எப்போது முடித்துத் தருகிறோம் என்று இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு. முதலாவது தினமும் மாறலாம், மாற வேண்டும். இரண்டாவதை நம்பி வெளியே யாரோ ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். 1902-ல் சுரங்கக் கம்பெனி நீராவி எந்திரங்களை எப்போது நிறுத்துவது, எரிபொருளை எதுவரைக்கும் வாங்கி வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது, மின்சாரம் வரும் என்று சொல்லப்பட்ட தேதியை வைத்துத்தான். அந்தத் தேதி யாருக்கும் சொல்லாமல் தானாக நகர்ந்தால், சுரங்கத்தின் பம்பு நிற்கும். ஆகவே இரண்டு கட்டங்கள் வேண்டும். கணக்குத் தேதியை விதியே எழுதட்டும், மனிதர் கை படவேண்டாம். வாக்குத் தேதியை ஒரு மனிதர்தான் மாற்ற வேண்டும், காரணத்தையும் எழுதி, வாக்கைப் பெற்றவரிடம் சொல்லிவிட்டு. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதைப் போர்டு பெரிதாகக் காட்ட வேண்டும். மேலாளர் பார்க்க வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் பல வருடங்களாக எல்லாத் தேதியையும் தானே நகர்த்தும் மென்பொருளாகவே இருந்தது. 2010 பதிப்பில், தேதியைக் கையால் நிறுத்திவைக்கும் வசதியையும் சேர்த்தார்கள். 'நான் போட்ட தேதியை நீ ஏன் மாற்றினாய்' என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழும் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு கட்டம் என்றால் இரண்டு மடங்கு வேலை என்று உடனே சொல்வார்கள். அப்படியில்லை. கணக்குத் தேதியை யாரும் நிரப்பப் போவதில்லை. வாக்குத் தேதி எல்லா டிக்கெட்டுக்கும் தேவையும் இல்லை. வெளியாருக்குச் சொன்ன சில தாய் டிக்கெட்டுகளுக்கு மட்டும் போதும். இருநூறு டிக்கெட்டுள்ள போர்டில் பத்தைத் தாண்டினால், அந்த அணி வாய்க்கு வந்ததை எல்லாம் வாக்குக் கொடுக்கிறது என்று பொருள். தேதி தானாக நகர்ந்தால் தாமதத்துக்கு யாருமே பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது கனமான ஆட்சேபணை. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. டிக்கெட்டின் வரலாற்றில் 'ஆட்டோமேஷன் மாற்றியது' என்று பதிவாகும், ஏன் என்று பதிவாகாது. ஆகவே எந்த டிக்கெட் நகர்ந்ததால் இது நகர்ந்தது என்று ஒரு வரிக் குறிப்பை விதியே எழுதும்படி செய்ய வேண்டும். நாற்பது டிக்கெட்டுக்கு நாற்பது மின்னஞ்சல் பறக்கவிட்டால் யாரும் ஒன்றையும் படிக்கமாட்டார்கள். தனித்தனி அறிவிப்பை நிறுத்திவிட்டு, மாலையில் ஒரே பட்டியலாக அனுப்பினால் படிப்பார்கள்.

இன்னொரு ஆட்சேபணை: அஜைல் முறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தேதியே தேவையில்லை, வேலையை இரண்டு வாரத் தவணைகளாகப் பிரிக்கும் 'ஸ்பிரிண்ட்' போதும். ஒரே அறையில் இருக்கும் ஏழு பேருக்கு அது பொருந்தும். அதே தங்கவயலில் புல்டோசர்களைத் தயாரிக்கும் பெமல் தொழிற்சாலை போன்ற இடத்தில் வரைபடம், உதிரிபாகம், பொருத்துதல், சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைக்கு ஸ்பிரிண்ட் எப்படிப் போதும்? எந்திரம் பொருத்தும் இடத்தில் உதிரிபாகம் இல்லையென்றால் அங்கே நிற்கும் ஆளுக்கு வேலை இல்லை. முன் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் பின் வேலையையும் முன்னுக்கு இழுக்கலாமே என்றும் கேட்பதுண்டு. இழுக்க வேண்டாம். தள்ளுவது மட்டும் தானாக நடக்கட்டும். முன்னுக்கு இழுத்தால், அடுத்தவர் வேறு வேலையில் இருக்கும்போதே அவருடைய தேதி கடந்துபோயிருக்கும். 'நீங்கள் சீக்கிரம் தொடங்கலாம்' என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், முடிவு அவருடையது.

சிவசமுத்திரத் திட்டத்துக்குப் பின்பலமாக நின்ற திவான் கே. சேஷாத்ரி ஐயர் 1901-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, அதே வருடம் செப்டம்பரில் காலமானார். தங்கவயலில் விளக்கு எரிந்ததை அவர் பார்க்கவில்லை. ஆள் மாறினாலும் யாருக்கு எதை எப்போது தருவதாகச் சொன்னோம் என்பது காகிதத்தில் இருந்தது. நம் போர்டுகளில் அது ஒரு கட்டத்தில் இருக்கிறது, அந்தக் கட்டத்தின் மேல் எழுத ஒரு விதிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம். உங்கள் அணியில் இப்படி ஒரு விதியை இயக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் தேதி காலியாக இருக்கும் டிக்கெட்டுகளைத் தேடி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியையும் ஒரு ஆளையும் போட்ட பிறகு விதியை இயக்குங்கள்.