இரண்டு மதிப்பெண்ணில் போகும் கால்

அரசுத் தலைமை மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டில் ஒரு சுற்று வந்தால், படுத்திருப்பவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. சாரத்திலிருந்து விழுந்த சித்தாள், அறுவடை இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர், குப்பை வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்ட தூய்மைப் பணியாளர், விடியற்காலையில் கூலி வேலைக்கு மொபெட்டில் கிளம்பி நெடுஞ்சாலையில் அடிபட்டவர் என்று வரிசையாகப் படுத்திருப்பார்கள். "ராடு வெச்சிருக்கு", "பிளேட் வெச்சிருக்கு" என்று காலைக் காட்டுவார்கள். அவர்களுக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப வேலைக்குப் போகலாம்?"

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்த ஆண்டு இங்கே 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். காருக்குள் இருந்தவர்களைவிட, காருக்கு வெளியே இருந்தவர்களே அதிகம் செத்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் வயது, பாலினம், வாகனம், சாலை என்று பல அட்டவணைகள் உண்டு. சாதிக்கு அட்டவணை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். எலும்பு முறிந்தவர்களில் அவர்கள் எத்தனை பேர், கால் இழந்தவர்களில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணாத ஒன்றைப் பற்றி ஆய்வு நடக்காது. ஆய்வு நடக்காத இடத்தில் சிகிச்சை முறையும் திட்டமும் மாறாது.

கோவையில் பிறந்த கணக்கு

இது ஏதோ புள்ளிவிவரச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவரின் காலைக் காப்பாற்றுவதா, எடுத்துவிடுவதா என்ற முடிவு வரைக்கும் இது போகிறது.

எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும் காயத்தைத் திறந்த எலும்பு முறிவு என்பார்கள். தோல், சதை, எலும்பு மூன்றும் மோசமாகச் சிதைந்திருந்தால் மருத்துவர் முன்னால் இரண்டே வழிகள்தான். காலை எடுத்துவிடலாம், அல்லது பல அறுவை சிகிச்சைகள் செய்து காப்பாற்றப் பார்க்கலாம். இந்த முடிவுக்கு உதவ 1990-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். 'மெஸ்' என்று அதன் பெயர். அதில் 7 மதிப்பெண் வந்துவிட்டால் காலை எடுப்பது நல்லது என்று வைத்தார்கள்.

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, திறந்த காயங்களுக்கு அந்த முறை போதவில்லை என்று கண்டு வேறொரு முறையை உருவாக்கியது. 109 காயங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டது. உலக எலும்பு மருத்துவ நூல்களில் 'கங்கா மருத்துவமனை மதிப்பெண்' என்றே அது வழங்குகிறது. தோல், எலும்பு, தசை – நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. இடையில் உள்ள 15, 16 மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டவை.

நாம் கவனிக்க வேண்டியது இதன் அடுத்த பகுதியை. காயத்தோடு சேர்ந்து நிலைமையை மோசமாக்கும் சில காரணங்களுக்குத் தலா 2 மதிப்பெண் கூட்டுகிறார்கள். 65 வயதைத் தாண்டியிருப்பது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிடுவது போன்றவை அவை. அந்தப் பட்டியலிலேயே இன்னும் இரண்டு இருக்கின்றன. அடிபட்டு 12 மணி நேரத்துக்கு மேல் கழித்துக் காயத்தைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை நடந்தால் 2 மதிப்பெண். காயத்தில் சாக்கடைக் கழிவோ, சாணமும் வயல் சேறும் போன்ற அழுக்கோ சேர்ந்திருந்தால் 2 மதிப்பெண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்கு ஒரே அளவு காயம். இருவருக்கும் 13 மதிப்பெண். ஒருவர் நகரச் சாலையில் விழுந்து, ஒரு மணி நேரத்தில் பெரிய மருத்துவமனை சேர்ந்தார். அவர் 13-லேயே நிற்கிறார். கால் தப்ப வழி இருக்கிறது. இன்னொருவர் சாக்கடை அள்ளப் போன இடத்தில் விழுந்தவர், அல்லது சேற்று வயலில் டிராக்டரில் மாட்டியவர். நான்கு இடம் சுற்றி மறுநாள்தான் மேசைக்கு வருகிறார். 13-உடன் இரண்டு இரண்டாக நான்கு சேர்ந்து 17 ஆகிவிடுகிறது.

இதில் மதிப்பெண் முறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாமதமும் அழுக்கும் காலைக் கொல்லும் என்பது உண்மை. அதை அது நேர்மையாக அளக்கிறது. ஆனால் சாக்கடையில் யாரை இறக்குகிறார்கள், யாருடைய குடியிருப்பு பேருந்து நிற்கும் சாலையிலிருந்து ஒதுங்கிக் கிடக்கிறது என்பது மருத்துவம் முடிவு செய்த விஷயம் இல்லை. சாதி முடிவு செய்தது மருத்துவமனைக்கு வந்து சேரும்போது மதிப்பெண்ணாகிவிடுகிறது.

தாமதம் எங்கே நடக்கிறது?

ஏழை, நடுத்தர நாடுகள் 18-இல், 31,000-க்கும் மேற்பட்ட எலும்பு முறிவு நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-இல் 'லான்செட்' குழும இதழில் வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. தாமதத்துக்கு அது கண்ட பெரிய காரணம், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவைப்பதுதான். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான்.

நாட்டுக் கட்டுக்குப் போகிறவர்களையும் அறியாதவர்கள் என்று திட்டிப் பயனில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஆபரேஷன், காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம், கூட இருப்பவருக்கும் கூலி போய்விடும் என்ற கவலை. இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "கட்டுப் போடாதே" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தோல் கிழிந்த முறிவுக்கு மேல் கட்டுப் போட்டால் சீழ் பிடிக்கும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகிப்போகும்.

கேள்வியை மாற்றியவர்கள்

நல்ல ஆய்வு எப்போதும் விலையுயர்ந்த கருவியைத்தான் கண்டுபிடிக்கும் என்பதில்லை. 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான 'கிராஷ் – 2' ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான ஊசி மருந்து, ரத்தப்போக்கோடு வரும் விபத்து நோயாளிகளின் சாவைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2015-இல் வெளிவந்த 'ஃப்ளோ' ஆய்வு, திறந்த முறிவைக் கழுவ அதிக அழுத்தக் கருவியும் தேவையில்லை, சோப்புக் கரைசலும் தேவையில்லை, சாதாரண உப்புநீரே சிறந்தது என்று சொன்னது. இந்திய நோயாளிகளும் இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தார்கள்.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. எக்ஸ்ரே திரை வசதி இல்லாத அறுவை அரங்கிலும் பொருத்தக்கூடிய ராடுகளை ஏழை நாடுகளுக்குக் கொடுக்க 1999-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் லூயிஸ் ஜிர்கிள் 'சைன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தொடை எலும்பு சேர்ந்துவிட்டதா என்று அறிய அவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: நோயாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரிக்க வேண்டும். எவ்வளவு ஆழமாக உட்காருகிறார், எதையாவது பிடித்துக்கொள்கிறாரா, முகத்தில் வலி தெரிகிறதா என்று புகைப்படத்தில் பார்ப்பார்கள். இந்தச் சோதனை எவ்வளவு நம்பகமானது என்று தான்சானியாவில் ஆய்வும் நடந்திருக்கிறது.

நாற்று நடுகிறவருக்கும் கல் உடைக்கிறவருக்கும் குத்துக்காலிட்டு உட்கார முடிவதுதான் குணமாவது. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாலும், உட்கார முடியாதவருக்குக் கூலி இல்லை. அந்தச் சோதனை ஏழை உழைப்பாளியின் உடலைப் பார்த்து உருவானது. கேள்வி கேட்பவருக்கு அந்த வாழ்க்கை தெரிந்திருந்தால் ஆய்வும் மாறும்.

மருத்துவரின் கையெழுத்து

எலும்பு மருத்துவரின் முடிவு வார்டோடு முடிவதில்லை. எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ அது சட்டப்படி கொடுங்காயம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 320-ஆவது பிரிவும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவும் இதையே சொல்கின்றன. சாதி வன்கொடுமையில் அடிபட்டவரின் வழக்கு எவ்வளவு கனமாக நிற்கும் என்பது காயச் சான்றிதழைப் பொறுத்தது. மாற்றுத்திறனாளி சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று மருத்துவர் சான்று தர வேண்டும். இந்தக் கையெழுத்தைப் போடும் நாற்காலிகளுக்கு நம் பிள்ளைகளும் வருவது, அதனால்தான் வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சினை இல்லை.

வைத்தியம் நமக்குப் புதிதும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அலோபதிக் கல்லூரியின் வாசல் வழக்கு வழக்காகத்தான் திறந்தது. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செண்பகம் துரைராஜன் வழக்கு, மருத்துவக் கல்லூரி இடத்தை முன்வைத்தே வந்தது. அதன் பிறகுதான் முதல் அரசியல் சட்டத் திருத்தம் பிறந்தது. மாநிலக் கல்லூரிகளிலிருந்து மத்தியத் தொகுப்புக்குப் போகும் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வந்தது 2007-இல்தான்.

உயர் சிறப்புப் படிப்பு வாசல் இன்னும் அடைத்தே இருக்கிறது. சிதைந்த காலைக் காப்பாற்ற எலும்பு மருத்துவர் மட்டும் போதாது. தோலையும் சதையையும் எடுத்து மூடும் பிளாஸ்டிக் சர்ஜனும் தொடக்கத்திலேயே வேண்டும். அந்த எம்.சிஎச். படிப்பில் சமூக இடஒதுக்கீடு இல்லை. உயர் சிறப்பு நிலையில் ஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது.

இடம் கிடைத்தாலும் போராட்டம் முடிவதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டைச் சந்திப்பதை 2007-இல் தோரட் குழு பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் உயிரிழந்த பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தத்வியை நாம் மறந்துவிடவில்லை. அறுவை சிகிச்சை புத்தகத்தில் படித்து வருவதில்லை. மேசை அருகே நின்று, கையில் கத்தியை வாங்கிக் கற்பது. யாரை மேசைக்குக் கூப்பிடுகிறார்கள், யாரை வார்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதில் சாதி நுழைந்தால், பட்டம் கையில் இருந்தும் தொழில் கைக்கு வராது.

மாணவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. அதன் பிறகு எம்.எஸ். ஆர்த்தோ மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.-இல் 7.5 சதவீதம் 2020 முதல் இருக்கிறது. மருத்துவர் ஆனால்தான் இந்தத் துறைக்குள் வர முடியும் என்றும் இல்லை. பிசியோதெரபி, அறுவை அரங்கத் தொழில்நுட்பம், விபத்து – அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம், செயற்கைக் கால் வடிவமைப்பு ஆகிய பட்டப் படிப்புகள் உள்ளன. விபத்து சிகிச்சைக் குழு இவர்கள் இல்லாமல் நடக்காது.

எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். பலரும் அதை ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் அதை ஆயுதமாக எடுக்கலாம். காலனியிலிருந்து வந்தவர் அறுவை மேசைக்கு வர எத்தனை மணி நேரம் ஆனது? எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்? எத்தனை மாதத்தில் பழைய கூலிக்குத் திரும்பினார்? கடன் எவ்வளவு ஆனது? இந்தக் கேள்விகளுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு பதிவேடும், நோயாளியோடு உட்கார்ந்து பேசும் பொறுமையும் போதும். பதிவேட்டில் ஏறிவிட்டால் அதிகாரிகள் மறுக்க முடியாது.

அதுவரை ஊரில் செய்ய வேண்டியது

அடிபட்டவர் இருந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். காபித்தூள், மஞ்சள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். கால் ஆடாமல் குச்சியோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். அடிபட்ட நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியாரிலும்கூட, கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லையே என்று தயங்க வேண்டாம். முதல் மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டார்களா என்று கேளுங்கள். வேறிடத்துக்கு அனுப்பினால், எங்கே, யாரிடம், எப்போது என்று எழுதி வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெற்றுப் பத்திரமாக வையுங்கள்.