எல்லை கடக்கும் மருத்துவக் குறிப்பு

நோயாளி ஒருவர் நாடுவிட்டு நாடு செல்வது இன்று எளிது. கணிப்பொறியில் பதிந்து வைத்துள்ள அவருடைய மருத்துவக் குறிப்பை அயல்நாட்டு மருத்துவமனைக்கு அனுப்பவும் சில நொடிகள் போதும். ஆனால், வந்து சேர்ந்த குறிப்பை அங்குள்ள மருத்துவர் எம்மொழியில் படிப்பார்? இவ்வினாவின் விடையில் ஓர் உயிர் அடங்கியிருக்கலாம்.

1980-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்பானிய மொழி பேசும் அவர் குடும்பத்தார் 'இன்டாக்சிகாடோ' என்றனர். உண்டது ஒவ்வாமல் நோயுற்றார் என்பதே அவர்கள் கருத்து. மருத்துவர்களோ, அதனையொத்து ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லை எண்ணி, போதைப்பொருளை மிகுதியாக உட்கொண்டார் என முடிவு செய்தனர். மூளையில் நேர்ந்த இரத்தக் கசிவு உரிய காலத்தில் அறியப்படவில்லை. இளைஞரின் கைகால்கள் நான்கும் செயலிழந்தன.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் இத்தகைய இடர் உண்டு. அதனை நீக்க அறிஞர் கண்ட வழி யாது? 5 என்னும் இலக்கத்தைத் தமிழர் 'ஐந்து' என்றும், இந்தி பேசுவோர் 'பாஞ்ச்' என்றும் படிக்கின்றனர். ஒலி வேறு, பொருள் ஒன்று. அவ்வாறே ஒவ்வொரு நோய்க்கும், மருந்துக்கும், சோதனைக்கும் பொதுக் குறியீடு ஒன்றை வகுத்தனர். 'ஸ்நோமெட்' என்னும் பன்னாட்டுக் கலைச்சொல் தொகுதியில் நீரிழிவு நோயின் எண் 73211009. இவ்வெண்ணை அனுப்பினால், பெறும் நாட்டுக் கணிப்பொறி தன் மொழிப் பெயரைக் காட்டும்.

பின்லாந்து மக்களின் மருந்துச் சீட்டுகள் 2019 ஜனவரி முதல் எஸ்டோனிய மருந்துக் கடைகளில் இம்முறையில் ஏற்கப்பட்டு வருகின்றன. அவ்விரு நாட்டு மொழிகளும் ஓரினத்தவை. எனினும், 'ஹல்லிதுஸ்' என்பது பின்னிய மொழியில் அரசாங்கத்தையும், எஸ்டோனிய மொழியில் பூஞ்சணத்தையும் குறிக்கும்! ஆகவே ஒலியொற்றுமையை நம்புவதற்கில்லை. சீட்டிலுள்ள மருந்து, அதன் வலிமை, வடிவம் ஆகியவை பொதுக் குறியீடாக எல்லை கடக்கின்றன. மருந்தாளர் அவற்றைத் தம் மொழியில் காண்கிறார்.

மருந்தின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். நாம் பாரசிட்டமால் என்பதை அமெரிக்கர் அசிட்டமினோபென் என்பர். அளவையும் மாறும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 126 மில்லிகிராம் சர்க்கரை என்று நாம் எழுதுவதை, ஒரு லிட்டரில் 7 மில்லிமோல் என்று ஐரோப்பிய நாடுகள் பல எழுதும். 7 என்னும் எண்ணை மட்டும் கண்டால் நம் மருத்துவர் திகைத்துப் போவார். எனவே எண்ணோடு அளவையும் குறிக்கப்படுதல் இன்றியமையாதது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 'படியேறினால் மார்பில் ஏதோ அழுத்துகிறது' என்று நோயாளி கூறுவது முழுவதையும் குறியீட்டில் அடக்குதல் அரிது. எழுதுபவர் தவறான குறியீட்டைத் தேர்ந்தால், அத்தவறு எம்மொழியிலும் பிழையற்ற சொல்லாகவே தோன்றும். ஆதலால் ஐரோப்பிய நாடுகளிடையே, குறியீட்டு வடிவத்துடன் மூலக் குறிப்பின் படியும் சேர்த்து அனுப்பப்படுகிறது. ஐயம் எழுந்தால் மூலத்தை ஒப்பு நோக்கலாம்.

உங்களுள் மருத்துவம் பயில்வோரும், கணிப்பொறி பயில்வோரும், மொழி பயில்வோரும் இருப்பீர்கள். இம்மூவரும் ஒருங்கே அமர்ந்து செய்யவேண்டிய பணி இது. கணிப்பொறி குறியீட்டைச் சுமந்து செல்லும். அக்குறியீடு நோயாளி சொன்ன பொருளையே தாங்குகின்றதா என்று உறுதி செய்வது மனிதரின் கடமை.